கோபுரத்தைக் கீழிருந்து வாசியுங்கள்

வாசகர் கேள்வி பதில்

ஆடி பிறந்தால் வெளிநாட்டு உறவுகள் வந்திறங்கத் தொடங்கிவிடும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஒரு வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு கோயில்களையும் பழைய தேவாலயங்களையும் பார்க்கப் போகிறோம், எப்படிப் பார்ப்பது? ஒன்றுபோலிருந்த கேள்விகளைச் சேர்த்து, இப்படியான சுற்றுலாக்களை நடத்தியும் திட்டமிட்டும் பழகியவர்களிடம் பதில் வாங்கியிருக்கிறோம்.

கேள்வி: கனடாவிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. பெரியவர்கள் ஐந்து, பிள்ளைகள் நான்கு. ஒரு வானும் ஒரு வழிகாட்டியும் ஒழுங்கு செய்தால் ஒரே நாளில் யாழ்ப்பாணத்து முக்கிய கோயில்கள், தேவாலயங்கள் எல்லாம் காட்டிவிடலாமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: எல்லாம் காட்டலாம், ஒன்றும் பார்க்க மாட்டார்கள். கும்பிட்டுவிட்டு வர இருபது நிமிடம் போதும். கட்டடமாக, கலையாகப் பார்க்க ஓர் இடத்துக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். பிள்ளைகளோடு என்றால் ஒரு நாளைக்கு நான்கு இடம், அதற்கு மேல் வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் விடும் பிழை, வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடுவது. பூசை மணியைப் பார்த்துத்தான் போட வேண்டும். மத்தியானப் பூசை முடிந்தால் அநேகமான கோயில்கள் நடை சாத்திவிடும், திரும்பத் திறப்பது பின்னேரம். பதினொன்றரைக்கு வானை நிற்பாட்டி ஒன்பது பேரும் இறங்கிப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம்.

இப்படிச் செய்து பாருங்கள். காலை ஆறரைக்கு நல்லூர் கிழக்கு வாசல். முகப்புக் கோபுரத்தில் நேர் வெயில் விழும் நேரம் அதுதான். பத்து மணிக்குப் பிறகு வெளிச்சம் உச்சியிலிருந்து விழுவதால் சுதைச் சிற்பங்களின் முகங்களில் நிழல் படிந்து எல்லாம் தட்டையாகிவிடும். வெளியில் நின்று வழிகாட்டி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகே உள்ளே போங்கள். பூசை நடக்கும்போது உள்ளே நின்று விளக்கம் சொல்வது மரியாதையுமில்லை, காதில் விழப்போவதுமில்லை. நல்லூரில் பூசை குறித்த மணிக்கு நடக்கும், உங்களுக்காக ஐந்து நிமிடம் பிந்தாது.

அங்கிருந்து முத்திரைச் சந்தி கிட்ட. போர்த்துக்கேயர் 1621இல் இடித்த பழைய நல்லூர்க் கோயில் இருந்த இடம் இன்று புனித யாகப்பர் தேவாலயம் நிற்கும் வளவு என்பார்கள். இன்றைய கோயில் 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் தொடக்கியது. இந்த இரண்டு ஆண்டுகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இரண்டு இடத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால் நானூறு வருடச் சரித்திரம் கால்நடையாகவே விளங்கிவிடும். நேரம் இருந்தால் பக்கத்திலேயே மந்திரி மனை, ‘ப’ வடிவத்தில் வெட்டிய யமுனா ஏரி.

ஒன்பதரைக்கு வண்ணார்பண்ணைச் சிவன் கோயில். ஒல்லாந்தர் காலத்தின் கடைசிப் பகுதியில் வைத்திலிங்கம் செட்டியார் கட்டியது. இதன் வசந்த மண்டபத்தில்தான் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆம் திகதி தமது பிரசங்கங்களைத் தொடங்கினார். பதினொன்றுக்கு வெளிக்கிட்டு, சாப்பிட்டு, ஆறுங்கள்.

நடை சாத்திய அந்த நேரத்துக்குத்தான் கதவில்லாத இடங்களை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டரைக்குப் பிறகு கந்தரோடை. சிறு சிறு பௌத்தத் தூபிகள் ஒரே வளவில் கூட்டமாக நிற்கும். போல் பீரிஸ் 1917இல் இதை ஆராய்ந்து எழுதினார். நீங்கள் காணும் அரைவட்ட மேற்பகுதிகள் பின்னாளில் திருத்திக் கட்டியவை, பழையது அடிப்பகுதி. எனவே குனிந்து பாருங்கள். நாலரைக்குக் கீரிமலை நகுலேஸ்வரம். மாலைப் பூசைக்கு முன் வெளிவீதி சுற்றிவிட்டுக் கேணிக்குப் போகலாம். கடலுக்குப் பத்தடியில் நல்ல தண்ணீர் ஊறுவது சுண்ணாம்புக்கல் நிலத்தின் வேலை, அந்தக் கல்லைப் பற்றிக் கீழே இன்னொரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறோம்.

வருகை ஆவணியில் என்றால் ஒரு எச்சரிக்கை. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும், ஆவணி அமாவாசையில் தீர்த்தம், மொத்தம் 25 நாள். அந்த நாட்களில் சுற்றுவீதிகளை அடைத்துவிடுவார்கள், செருப்பைத் தடுப்பிலேயே கழற்ற வேண்டும், கட்டடத்தை நின்று பார்க்க இடமிராது. அப்போது திருவிழாவையே பாருங்கள்: 10ஆம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர். கட்டடத்தைப் பூங்காவனம் முடிந்த பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று, போகமுன் கோயிலுக்கு போன் எடுத்து “பாலஸ்தாபனம் ஏதும் செய்திருக்கிறதா” என்று கேளுங்கள். திருப்பணிக்காக மூர்த்தியை இடம் மாற்றி வைத்திருந்தால் கோபுரம் முழுக்கச் சாரமும் கிடுகும்தான். கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பதால் எந்த நேரமும் எங்காவது ஒரு கோயில் இந்த நிலையில்தான் இருக்கும்.

கேள்வி: எங்களை அழைத்துப் போன வழிகாட்டி தலபுராணம் மட்டும் சொன்னார். கோபுரத்தைக் காட்டி “எவ்வளவு அழகு பாருங்கள்” என்றார். அழகு தெரிகிறது, எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. (வாசகர், மானிப்பாய்)

பதில்: பழுது உங்களிலும் இல்லை, கோபுரத்திலும் இல்லை. எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அதைக் கீழேயிருந்து மேலே வரி வரியாக வாசிக்க வேண்டும்.

வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்று நிலத்தோடு ஒட்டிய பகுதியைப் பாருங்கள். அது அதிட்டானம். கிடையாக ஓடும் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்: கீழே சப்பையாக உபானம், அதன் மேல் ஜகதி, பிறகு வயிறு தள்ளினாற்போல் குமுதம், உள்வாங்கிய கண்டம், மேலே பட்டிகை. குமுதம் உருண்டையா, எட்டுப் பட்டையா என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே வழிகாட்டிக்குக் கட்டடம் தெரியுமா, கதை மட்டும் தெரியுமா என்பது வெளித்துவிடும்.

அதற்கு மேல் பாதம், அதாவது சுவர். சுவரில் பாதி புதைந்தாற்போல் நிற்பவை அரைத்தூண்கள், இடையில் உள்ளவை கோட்டங்கள். தூணின் தலையில் பலகை, அதற்கு மேல் உத்திரத்தைத் தாங்குவது போதிகை. போதிகையின் வடிவம் காலத்தைக் காட்டும். சோழர் காலத்தில் எளிமையாகச் சாய்த்து வெட்டிய போதிகை. விஜயநகர, நாயக்கர் காலத்தில் அதன் முனை வளைந்து தொங்கி, நுனியில் தாமரை மொட்டு. நம்மூர்க் கோயில்களில் நீங்கள் காண்பது அநேகமாக இந்த மொட்டுப் போதிகைதான். கல் போன நூற்றாண்டுக்கு உரியதாக இருக்கலாம், வடிவம் நாயக்கர் காலத்துக்கு உரியது.

சுவர் முடியும் இடத்தில் வெளியே வளைந்து நீட்டிய கூரை விளிம்பு கபோதம். அதில் சீரான இடைவெளியில் குதிரை லாட வடிவில் சின்னச் சின்ன வளைவுகள் தெரியும், கூடு என்பார்கள். ஓலையாலும் மரத்தாலும் கட்டிய பழைய கூரையின் முகப்பு கல்லில் தங்கிவிட்ட வடிவம் அது.

இனித்தான் நிலைகள். ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, போனில் பெரிதாக்கிப் பாருங்கள். மூலையில் சதுரமாக நிற்பது கூடம், நடுவில் நீளமாக நிற்பது சாலை, இரண்டுக்கும் இடையில் ஒடுக்கமாக இருப்பது பஞ்சரம். நடுவில் ஒரு திறப்பு, அதன் இரு பக்கமும் துவாரபாலகர். அடுத்த நிலையிலும் இதே வரிசைதான், கொஞ்சம் சிறுத்து. ஒவ்வொரு நிலையும் சிறுப்பதால்தான் இருப்பதைவிட உயரமாகத் தோன்றுகிறது. நடுத் திறப்பு வெறும் அலங்காரமில்லை, உள்ளே ஏறிப் போகிறவருக்கு அதுதான் வெளிச்சமும் காற்றும். உச்சியில் வண்டிக் கூடாரம் போல் கிடக்கும் சாலைச் சிகரம், அதன் மேல் வரிசையாகக் கலசங்கள். நிலைகள் ஒற்றைப்படையில் வரும்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது.

சிற்பங்களை யார் யார் என்று அடையாளம் காண்பதைக் கடைசிக்கு விடுங்கள். கையில் என்ன, ஏறியிருப்பது எது, எத்தனை முகம் என்ற மூன்றும் தெரிந்தால் பாதிப் பேரை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லூரின் புதிய தெற்கு, வடக்குக் கோபுரங்கள் ஒன்பது நிலை, ஒரே பொன்மஞ்சள் நிறம். பழகுவதற்கு ஏற்றவை அவைதான், நிறம் கண்ணைப் பறிக்காததால் வடிவம் தெளிவாகத் தெரியும். பத்து நிறம் பூசிய கோபுரத்தில் கண் நிறத்தோடு போய்விடும்.

கேள்வி: தஞ்சாவூர் போலக் கருங்கல் கோயில் இங்கே ஏன் இல்லை? நம்மவர்களுக்குக் கட்டத் தெரியாதா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கட்டத் தெரியும், கல் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல் தரை. கருங்கல் வேண்டுமானால் வன்னிக்கு அப்பால் போக வேண்டும், இல்லையென்றால் கடல் கடந்து கொண்டுவர வேண்டும். கிடைத்தது சுண்ணாம்புக்கல், முருகைக்கல், செங்கல், சுண்ணாம்பு, பனை, வேம்பு. அந்தப் பொருள்களுக்கு ஏற்ற கலைதான் இங்கே வளர்ந்தது, கல்லில் அல்ல, சுதையிலும் மரத்திலும்.

இரண்டாவது காரணம் போர்த்துக்கேயர், இருந்த பழைய கோயில்களை அவர்கள் இடித்துவிட்டார்கள். இன்று வழிபாட்டில் உள்ள கோயில்களின் கட்டடங்களில் பெரும்பாலானவை ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதிக்கும் அதற்குப் பின்னுக்கும் உரியவை. இடித்த கோயில்களின் கல் கோட்டைக்குப் போனது என்பது இங்கே காலங்காலமாகச் சொல்லப்படுவது. கோட்டைச் சுவரில் முகத்தை வைத்துப் பாருங்கள்: மூளை மடிப்புப் போலவும் தேனடை போலவும் துளைத் துளையாகத் தெரிவது முருகைக்கல். அடர்த்தியாக, சங்குச் சிப்பிச் சுவடுகளோடு மங்கல் வெள்ளையாக இருப்பது சுண்ணாம்புக்கல்.

சுதை என்றால் என்ன என்பதையும் வழிகாட்டியிடம் கேட்டு வாங்குங்கள். செங்கல்லால் கருவைக் கட்டி, அதன் மேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த பருங்கலவை, கடைசியில் நன்றாக அரைத்த மென்கலவை. பழைய முறையில் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்துக் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டிக் கரைசலும் சேர்ப்பார்கள். இப்போது சீமெந்தும் கம்பியும். கடற்காற்றின் உப்பு மெல்ல உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து ஊதி, கையும் காலும் வெடித்து விழும். விழுந்த இடத்தில் செம்மண் நிறக் கறை வழிந்திருந்தால் அது துரு. மேலே கனமாகப் பூசிய எண்ணெய்ப் பெயின்ற் ஈரத்தை வெளியேறவும் விடாது. சுண்ணாம்புச் சுதை அப்படியில்லை, மெல்லத் தேயும், அவ்வளவுதான்.

கருங்கல்லில் செதுக்கியதைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் மன்னாருக்குப் போங்கள். திருக்கேதீஸ்வரம் இந்திய அரசின் உதவியோடு கல்லில் புதிதாக எழுந்து 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் கண்டது. உளி பட்ட தடம் இன்னும் கூர்மையாக இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: தேவாலயங்களில் எதைப் பார்ப்பது? (வாசகி, சண்டிலிப்பாய்)

பதில்: உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சங்கானையில் போர்த்துக்கேயர் காலத் தேவாலயத்தின் இடிபாடு இருக்கிறது. கூரை இல்லாததே நன்மை, எலும்புக்கூடு முழுதாகத் தெரியும். நீள மண்டபம், அதன் தலைமாட்டில் பீடம் இருந்த பகுதி, இரண்டையும் பிரிக்கும் வளைவு. முருகைக்கல்லில் வளைவு எப்படி நிற்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. பல்டேயஸ் பாதிரியாரின் 1672ஆம் ஆண்டு ஒல்லாந்த நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் கோட்டுச் சித்திரங்கள் உண்டு. அவற்றின் பிரதி ஒன்றைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் போவது தெரியாது. புல் வளர்ந்திருந்தால் தடியால் தட்டிக்கொண்டு நடவுங்கள்.

கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990ஆம் ஆண்டுச் சண்டையில் அழிந்தது. நான்கு கையும் ஏறத்தாழ ஒரே நீளம். அடிச்சுவர்களின் கோட்டில் நடந்து பார்த்தால் அந்தச் சிலுவை காலுக்கே விளங்கும். கோட்டையில் நிழல் இல்லை, நாலு மணிக்கு முன் போகாதீர்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1816இல் பொறுப்பேற்றுத் திருத்திய பழைய தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஞாயிறு காலை ஆராதனை நேரம் என்பதால் வேறு நாள் பாருங்கள்.

கேள்வி: தேர், மஞ்சம், வாகனங்களைத் திருவிழா இல்லாத காலத்தில் பார்க்க முடியுமா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: அப்போதுதான் பார்க்க வேண்டும். திருவிழாவன்று தேரைச் சுற்றிச் சனம், வடம், பூமாலை, புகை. செதுக்கு வேலையில் கண் போகாது. மற்ற நாட்களில் தேர் தேர்க்கொட்டகையில், தகரத்துக்கோ படங்குக்கோ பின்னால் நிற்கும். முதல் நாளே கோயில் மனேச்சரிடமோ தர்மகர்த்தாவிடமோ கேட்டு வையுங்கள். திறப்பு ஒருவரிடம், அனுமதி இன்னொருவரிடம் இருக்கும், வந்து நின்று கேட்டால் அன்று கிடைக்காது.

முதலில் அது கட்டுத்தேரா சித்திரத்தேரா என்று கேளுங்கள். கட்டுத்தேரில் கீழ்ப்பகுதிதான் மரம், மேலே கம்பும் சீலையும் கட்டி எழுப்புவது. சித்திரத்தேர் அடி முதல் முடி வரை செதுக்கிய மரம். ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடியுங்கள், நேரே பிடித்தால் ஆழம் தெரியாது. அச்சுக்கு மேலே அடுக்கடுக்காக வெளியே விரியும் வரிகளில் யாளி, பூதம், புராணக் காட்சிகள். மூலையில் இரண்டு சட்டம் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள்: ஒன்றின் கழுந்து மற்றதன் துளைக்குள் இறங்கியிருக்கும். தேர் அசையும்போது மூட்டும் சற்று அசைந்து கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் இப்படி. இறுக்கமாக ஆணி அடித்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். மரத்தில் பொடி உதிர்ந்திருந்தால் உளு, மண்கோடு ஏறியிருந்தால் கறையான். மினுக்கத்துக்காக ஆண்டுதோறும் வாணிஷ் அடித்த தேரில் சிற்பத்தின் கண், விரல், நகமெல்லாம் நிரவிப்போயிருக்கும். இது நல்ல நோக்கத்தில் நடக்கும் கெடுதி.

சப்பறம் வேறு. உயரமான இலேசான சட்டகம், அலங்காரமும் வெளிச்சமுமே அதன் உயிர். இரவில் பார்க்காவிட்டால் அதில் ஒன்றுமில்லை. மஞ்சத்துக்கு இணுவில் கந்தசுவாமி கோயிலுக்குப் போங்கள். அங்குள்ள பெருமஞ்சத்தின் மரவேலையைப் பார்க்காமல் யாழ்ப்பாணத்துச் சிற்பத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

கேள்வி: உடுப்பு, கமரா பற்றிச் சொல்லுங்கள். (வாசகி, நெல்லியடி)

பதில்: ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், நல்லூரில் இதற்கு விலக்கே இல்லை. வேட்டி இல்லாவிட்டால் நீளக் காற்சட்டை. பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, பஞ்சாபி எதுவும் சரி. உள்ளே படம் எடுக்காதீர்கள், கேட்டுச் சங்கடப்படவும் வேண்டாம். வெளிவீதியில் தடையில்லை. மத்தியானத்தில் வெளிவீதி மணலும் தாரும் காலைச் சுடும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொப்புளமே போடும். கோபுரம் பார்க்கக் காலையில் போகச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கேள்வி: தரம் 10 மாணவர் 42 பேரைக் கோயிற்கலை பார்க்க அழைத்துப் போக வேண்டும். (ஆசிரியை, காரைநகர்)

பதில்: உங்கள் ஊர்ச் சிவன் கோயிலிலேயே தொடங்குங்கள். ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர் எடுத்த இடம் வீட்டு வாசலில் இருக்க, பஸ் பிடித்து ஓடுவானேன்?

42 பேரையும் ஒரே கூட்டமாக நிறுத்தினால் பின்னால் நிற்கும் முப்பது பேருக்கு முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். 14 பேராக மூன்று குழு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர். ஒரு குழு கோபுர வாசலில், ஒரு குழு கொடித்தம்பம், பலிபீடப் பக்கம், ஒரு குழு தேர்முட்டியில். இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் மாறட்டும், வலம் வரும் திசையிலேயே மாற வேண்டும், எதிர்த்திசையில் மாறினால் கும்பிட வந்தவர்களோடு முட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: அதிட்டானத்தின் குறுக்குவெட்டைக் கோட்டில் வரை, மண்டபத் தூண்களை எண்ணு, கொடித்தம்பத்திலிருந்து கோபுர வாசல் வரை காலடி எண்ணு. வரைந்தது மறக்காது, கேட்டது பஸ் ஏறமுன் மறந்துவிடும். வலயக் கல்வி அலுவலக அனுமதியும் கோயிலுக்கு ஒரு கடிதமும் முன்கூட்டியே வேண்டும். வெள்ளியும் பிரதோஷமும் தவிர்க்கவும். ஒலிபெருக்கி வேண்டாம்.

கேள்வி: காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகபட்டினம் போய்த் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பார்க்கும் எண்ணம். அங்குள்ள வழிகாட்டிகள் சொல்வதை நம்பலாமா? (இளைப்பாறிய வாசகர், திருநெல்வேலி)

பதில்: கப்பலுக்கு முதல். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேவை நிற்கும், எனவே ஐப்பசி, கார்த்திகையில் திட்டம் போடாதீர்கள். பயணப் பொதி எத்தனை கிலோ என்பதைச் சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். தங்குவதற்குத் தஞ்சாவூரைவிடக் கும்பகோணம் வசதி. தாராசுரம் நாலைந்து கிலோமீற்றர், தஞ்சாவூர் 40, கங்கைகொண்ட சோழபுரம் 35 அளவில். மூன்றும் உலக மரபுரிமைச் சின்னங்கள், தஞ்சை 1987இலும் மற்ற இரண்டும் 2004இலும் பட்டியலில் சேர்ந்தன. மூன்றையும் ஒரே நாளில் ஓடிப் பார்க்கும் பொதிச் சுற்றுலா வேண்டவே வேண்டாம். அங்கும் மத்தியானம் நடை சாத்துவார்கள், மூன்றில் ஒன்று கட்டாயம் அந்த நேரத்தில் மாட்டும். இரண்டு நாள் வையுங்கள், கட்டிய ஒழுங்கிலேயே பாருங்கள்.

தஞ்சாவூரில் மூன்று கதை கட்டாயம் காதில் விழும். விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்பது முதலாவது. பின்னேரம் நாலரைக்குக் கிழக்குப் பக்கம் நின்றால் நிழலிலேயே இளைப்பாறலாம். உச்சிச் சிகரம் 80 தொன் ஒற்றைக் கல் என்பது இரண்டாவது. அது பல கற்களை இணைத்துக் கட்டியது. நந்தி வளர்கிறது என்பது மூன்றாவது. ஒற்றைக் கல் நந்திதான், ஆனால் கோயிலைக் கட்டிய இராசராசன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது. இந்தக் கதைகளைச் சொல்பவரோடு சண்டை பிடிக்காதீர்கள். “சரி ஐயா, கல்வெட்டைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள்.

ஏனென்றால் அந்தக் கோயிலின் அதிட்டானமே ஒரு பதிவேடு. நாம் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் இட்ட ஆணை அங்கே இருக்கிறது. அக்கன் என்றது தமக்கை குந்தவையை. அவர் அரசியருக்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள். இக்கோயிலுக்கு ஈழத்து ஊர்களும் நிவந்தமாக, அதாவது கோயில் செலவுக்கான கொடையாக, விடப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர் அதைக் கேட்டுப் பார்க்காமல் வரலாமா?

1010இல் நிறைவுற்ற இந்த விமானம் 13 நிலை, ஏறத்தாழ 216 அடி. முன்னால் உள்ள கேரளாந்தகன் வாசலும் இராசராசன் வாசலும் அதைவிட எவ்வளவோ உயரம் குறைந்தவை. பிற்காலத்தில் இது தலைகீழாகிக் கோபுரம் உயர்ந்தது, விமானம் குறுகியது. நம்மூர்க் கோயில்கள் அந்தப் பிற்கால வழியில் வந்தவை. உள்சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களையும், மேல்தளத்தில் 81 மட்டும் செதுக்கி மிச்சத்தை வெறுங்கல்லாக விட்ட 108 கரணங்களையும் (நடன நிலைகள்) பொதுவாகப் பார்க்க விடமாட்டார்கள். “காட்டுகிறேன், ஐந்நூறு தாருங்கள்” என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வளாகத்துக் காட்சிக்கூடத்தில் அவற்றின் படங்களைப் பார்க்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் விமானத்தின் விளிம்பைக் கண்ணால் தடவுங்கள், தஞ்சை நேர்க்கோடு, இது உள்வளைவு. வடக்கு வாசற்படிக்குப் பக்கத்தில் சிவன் சண்டேசருக்குக் கொன்றைமாலை சூட்டும் சிற்பம். சிவனுடைய விரலின் மென்மையை மட்டும் பார்த்தால் போதும். தாராசுரத்துக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள். நாயன்மார் வரலாறுகள் சாண் உயரத்துக்கும் குறைவான வரியில் ஓடுகின்றன, நிமிர்ந்து நடப்பவர் தவறவிட்டுவிடுவார். யானையும் எருதும் ஒரே தலையைப் பகிரும் சிறு சிற்பத்தில் ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மழை பெய்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கும்.

கடல் கடக்க முடியாதவர்களுக்குப் பொலனறுவை இருக்கிறது. வானவன் மாதேவி ஈசுவரம் என்று கல்வெட்டில் பெயர் பெற்ற இரண்டாம் இலக்கச் சிவதேவாலயம் சோழர் கட்டிய கற்றளி, அடி முதல் சிகரம் வரை கல். சின்னது என்பதால் அதிட்டானம் முதல் சிகரம் வரை எல்லா உறுப்பையும் ஒரே பார்வையில் எண்ணலாம். தஞ்சைக்குப் போகமுன் பார்த்தால் இன்னும் நல்லது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் நோ. நயினாதீவுக்குக் கூட்டிப்போகலாமா? (வாசகர், கோண்டாவில்)

பதில்: நடை பெரிதில்லை, ஏறி இறங்குவதுதான் கஷ்டம். குறிகட்டுவானில் படகு ஆடும்போது இறங்குதுறைக்கும் படகுக்கும் இடையில் அடி எடுத்து வைக்க வேண்டும், உள்ளே தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து இறங்க வேண்டும். முதல் படகில் கூட்டம் குறைவு, கடலும் அமைதி. இரண்டு பேர் கைபிடிக்க வேண்டும். 108 அடி இராசகோபுரத்தைப் படகிலிருந்தே அம்மா பார்க்கலாம். ஆனித் திருவிழா நாட்களிலும் போயா நாட்களிலும் போகாதீர்கள், நாகவிகாரைக்கு வரும் சனமும் சேர்ந்துவிடும்.

கேள்வி: வழிகாட்டிக்கு எவ்வளவு கொடுப்பது? (வாசகி, அரியாலை)

பதில்: சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டை உள்ளவரா என்று முதலில் பாருங்கள், தேசிய, பிரதேச, தல வழிகாட்டி என வகை உண்டு. கூலியை ஆளுக்கா, குழுவுக்கா, அரை நாளுக்கா, முழு நாளுக்கா என்று வெளிக்கிடமுன் பேசிவிடுங்கள். சாப்பாடும் வான் செலவும் யாருடையது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள், கடைசியில் மனக்கசப்பு வருவது அநேகமாக அந்தச் சாப்பாட்டில்தான். கோயிலுக்குள் அர்ச்சனை, தட்டுக் காசு தனி. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான், அதற்குச் சில்லறை வைத்திருங்கள்.